லோகநாதனின் பத்தொன்பது குற்றச்சாட்டுகளும் ஒரு பச்சைப் புடவையும்

"குற்றச்சாட்டு எண் 1: 14.04.2024 ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டு தினத்தன்று, மாலை ஆறு மணி முதல் பத்து மணி நாற்பது நிமிடம் வரை, பொன்னூஞ்சல் தொலைக்காட்சி தனது 'குடும்ப விருதுகள்' விழாவைத் திரையின் வலது மூலையில் 'நேரலை' என்று எழுதிக் காட்டி ஒளிபரப்பியது. மேற்படி விழா இருபத்திரண்டு நாட்களுக்கு முன்பே, அதாவது 23.03.2024 சனிக்கிழமையன்றே நடந்து முடிந்துவிட்டது. இது நேயர்களை ஏமாற்றும் செயலாகும்."

முள்ளிப்பட்டு நெசவாளர் தெருவில், தன் தறிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து இந்த வரிகளை எழுதி முடித்தார் லோகநாதன். படித்துப் பார்த்தார். 'ஏமாற்றும்' என்ற சொல்லுக்கு முன்னால் 'திட்டமிட்டு' என்று சேர்த்தார். திட்டமிட்டார்கள் என்பதற்குத் தன்னிடம் ஆவணம் எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் அதை அடித்துவிட்டார். ஆவணம் இல்லாத சொல்லை லோகநாதன் எழுதுவதில்லை.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவர். மனு எழுதும் மொழியை, ஆரணிப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய சட்டப் புத்தகங்களிலிருந்து தானாகவே கற்றுக்கொண்டார். அந்தப் புத்தகங்களில் பாதிக்கு முதல் அத்தியாயம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவருடைய கடிதங்கள் வணக்கம் சொல்லாமல் நேரே குற்றத்தில் தொடங்கும். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு குக்கர் கம்பெனி, இரண்டு கேபிள்காரர்கள், ஒரு பேருந்து நடத்துனர் என்று பலருக்கும் அவர் அனுப்பிய பதிவுத் தபால்கள் இருநூற்று நாற்பது. திரும்பி வந்த ஒப்புகை அட்டைகள் இருநூற்று முப்பத்தாறு. வராத நான்குக்காகத் தபால் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் நகல் உண்டு. புடவையில் பூ எங்கே விழ வேண்டும் என்று இழைகளுக்குச் சொல்வதற்காகத் தறியின் மேல் சுழலும் துளை போட்ட அட்டைகளை, டிசைன் பழசானதும் மற்றவர்கள் அடுப்பில் வைப்பார்கள். லோகநாதன் அவற்றுக்கு இடையில் வைத்துக் கோப்பு கட்டினார். அவர் வீட்டில் கோப்பு எது, தறிச் சாமான் எது என்று வெளியாளுக்குத் தெரியாது.

விருது விழாவின் மேல் குற்றச்சாட்டுகள் மொத்தம் பத்தொன்பது. நான்கு மணி நாற்பது நிமிட நிகழ்ச்சியில் விளம்பரம் மட்டும் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த தாள் இணைப்பு நான்கு. ஏப்ரல் பத்தாம் தேதி வரை ஓட்டுப் போடலாம் என்று மக்களுக்குச் சொல்லிவிட்டு, மார்ச் இருபத்து மூன்றிலேயே வெற்றி பெற்றவரின் பெயர் பொறித்த கேடயத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். 'சிறந்த மாமியார்' ஒருவர்தான் என்று அறிவித்துவிட்டு நான்கு மாமியார்களை மேடையில் ஏற்றினார்கள். 'சிறந்த ஜோடி' விருது, இன்னும் தொடங்கவே தொடங்காத தொடரின் ஜோடிக்குப் போயிற்று. விழாவுக்கு வந்த நடிகர் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு விருது இருந்தது; வராத ஒருவருக்குக்கூட இல்லை. தொகுப்பாளர் ஒரே நகைச்சுவையை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அரங்கம் அதே சிரிப்பை, அதே இருமலோடு, சிரித்தது.

ராட்டையில் ஊடைநூல் சுற்றிக்கொண்டே ஜெயம் எல்லாவற்றையும் கேட்டாள். லோகநாதனுக்கு மனைவியாகி முப்பது வருடம் ஆகிறது. வாசித்துக் காட்டினால் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"பத்தொம்போதுலயும் என் பேரைக் காணோமே."

"சொந்த விஷயத்தைக் கலந்தா மனு பலம் போயிடும், ஜெயம். பொதுநலம்னா பொதுநலமா இருக்கணும்."

"அப்ப என் மானம் இன்னா, தனிநலமா?"

லோகநாதன் பேனாவை மூடினார்.

அந்த விழாவில் விருது வாங்கியவர்களில் ஜெயமும் ஒருத்தி.

பொன்னூஞ்சலில் ஓடும் 'பவளமல்லி வீடு' தொடரின் முடிவில் தினமும் ஒரு கேள்வி வரும். ஜெயம் முந்நூற்றுப் பன்னிரண்டு நாள், ஒரு நாள் விடாமல், வாட்ஸ்அப்பில் சரியான விடை அனுப்பினாள். அவளை 'ஆண்டின் சிறந்த நேயர்' என்று தேர்ந்தெடுத்துச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். அழைப்புக் கடிதம் இரண்டு பக்கம். லோகநாதன் அதை நான்கு முறை படித்து, ஏழாவது நிபந்தனையின் கீழே கோடு போட்டார்: "விருது பெறுவோர் மேடைக்கு ஏற்ற இரண்டு உடைகள் கட்டாயம் கொண்டுவர வேண்டும்."

ஜெயத்திடம் மேடைக்கு ஏற்றது ஒன்றுதான், அவளுடைய அரக்கு நிறக் கல்யாணப் பட்டு.

"ஒண்ணு போதாதாங்க?"

"கட்டாயம்னு போட்டுக்கீதே."

அன்றைக்குத்தான் தறியிலிருந்து ஒரு புடவை அறுத்து மடித்து வைத்திருந்தது. கிளிப்பச்சை உடல், பார்டரில் ஜோடி அன்னம். தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலும், மற்றப் பட்டும் சரிகையும் டிசைனும் ஆரணி முதலாளி தனகோடியுடையவை. நெய்தது மட்டும் லோகநாதன். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். தறியிலிருந்து இறங்கிய புடவையை வாங்குகிறவள்தான் முதலில் கட்ட வேண்டும். நெய்கிற வீட்டில் விளையாட்டுக்குக்கூட யாரும் அதைத் தோளில் போட்டுப் பார்க்க மாட்டார்கள். தெரு முழுவதுக்கும் தெரிந்த கட்டுப்பாடு, லோகநாதனுக்கும் தெரியும். ஆனால் அது எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. ஏழாவது நிபந்தனையோ அச்சில் இருந்தது.

பச்சைப் புடவையை அவரே எடுத்துப் பையில் வைத்தார்.

ஸ்டுடியோவில் பாஸ் ஒன்றுதான் கொடுத்தார்கள். லோகநாதன் வாசல் காவலாளிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்றார். உள்ளே ஜெயம் காலை ஒன்பது மணியிலிருந்து அரக்குப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். நடனத்துக்காக விட்ட புகை அவள் கண்ணுக்குள்ளேயே இறங்கியது. முந்தானையால் துடைத்துத் துடைத்து மாய்ந்தாள். மாலையில் ஒரு பெண் ஓடி வந்து, மேடைத் திரை சிவப்பு, அரக்கு எடுபடாது, ஜல்தியாக மாற்றுங்கள் என்றாள். பச்சையைக் கட்டியதும், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் தோளில் மூன்று ஊக்குகளைக் குத்தினாள். ஜெயம் மேடை ஏறினாள். கேடயம் வாங்கினாள். நான்கு வாக்கியம் பேசினாள். கீழே இறங்கியதும் வேறொரு பெண் கேடயத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "உங்க பேரு பொறிச்சு கூரியர்ல அனுப்பறோம்மா" என்றாள். செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஆக, பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாத லோகநாதனிடம், மனைவி மேடை ஏறினாள் என்பதற்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஊக்குத் துளைகளை நகத்தால் நீவி இழைகளைச் சேர்த்தார்கள். இரண்டு துளைகள் சுத்தமாக மூடிக்கொண்டன. மூன்றாவதும் மூடிவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். திங்கட்கிழமை புடவை தனகோடியிடம் போய்ச் சேர்ந்தது.

புத்தாண்டு மாலை பாதித் தெரு லோகநாதன் வீட்டில் கூடியது. ஜெயம் எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தாள். ஆறு மணி ஏழாயிற்று, ஏழு எட்டாயிற்று. அவள் திரையில் வரவில்லை. ஒன்பதாகப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். 'பவளமல்லி வீடு' தொடரில் மாமியாரின் வீட்டை விற்றுத் தின்ற சாருமதியாக நடிப்பவளுக்குச் 'சிறந்த மருமகள்' விருது கொடுத்தார்கள். அவள் தழுதழுத்துப் பேச, கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. அரக்குப் புடவையில் ஜெயம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு முடிவதற்குள் அதே கண்ணீரை இன்னும் மூன்று தடவை காட்டினார்கள்.

முதலில் சிரித்தவள் எதிர்வீட்டு ரேணுகாம்பாள்.

"இன்னா யக்கா! ஒரு வருஷமா அவளுக்கு மண்ணை வாரித் தூத்தினியே, இப்ப இன்னா இப்படித் தேம்பற?"

"அது பொகைடி! காலைல வுட்ட பொகை!"

"ஆமா ஆமா, எங்க வூட்டு டிவில கூட பொகையா வருது, பாரு, என் கண்ணும் கலங்குது." முந்தானையால் கண்ணை ஒற்றிக் காட்டினாள். "சரி, மேடை ஏறினேன், மேடை ஏறினேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு வந்தியே, மேடை எங்க?"

மேடை பத்தே முக்கால் வரை வரவில்லை. விளம்பரம் முடிந்து, செய்தி தொடங்கி, சுண்டல் பாத்திரம் காலியாகி, கூட்டம் கலைந்தது.

மறுநாளிலிருந்து குழாயடியில் ஜெயத்தைப் பார்த்தாலே கிண்டல். "இன்னிக்கி யாருக்கு அழுவப் போற யக்கா?" என்று கேட்காதவர் இல்லை. சந்தவாசலில் இருக்கும் அவள் நாத்தனார் போன் செய்து, அந்த நடிகையிடம் சொல்லித் தன் மகளுக்கு ஒரு வேலை வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள். அது கிண்டலா நிஜமா என்று ஜெயத்துக்குப் புரியவில்லை. கூட்டம் இல்லாத மத்தியான வெயிலில் தண்ணீர் பிடிக்கப் போகத் தொடங்கினாள்.

லோகநாதனின் பத்தொன்பது குற்றச்சாட்டுகளும், அவள் பெயர் இல்லாமலே, பதினாறாம் தேதி பதிவுத் தபாலில் போயின. இருபத்தொன்பதாம் தேதி பதில் வந்தது. "தங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் நன்றி. தங்களுடைய பாராட்டுகளை விழாக் குழுவினருக்குத் தெரிவித்துவிட்டோம்." லோகநாதன் உறையைக்கூடக் கிழியாமல் பிரித்துக் கோப்பில் சேர்த்தார்.

பிறகு விழாவைச் செல்போனில் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி, நேரம் குறித்துக்கொண்டே பார்த்தார். ஆறாவது முறை, இடைவேளைக்கு முன்பு துண்டு துண்டாகக் காட்சிகளை வாரி இறைக்கும் இடத்தில், ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. இரண்டு விநாடி. முகம் இல்லை. நீண்டு வரும் கேடயமும், கிளிப்பச்சை முந்தானையும், அதன் ஓரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் அன்னங்களும் மட்டும்.

"ஜெயம்! இங்க வா!"

அவள் பார்த்தாள். மறுபடி ஓடவிடச் சொன்னாள். நான்காவது தடவை வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

"முதுவா இருந்தா இன்னா, நான்தான்! போய் ரேணுகாவுக்குக் காட்டுங்க, இப்பவே!"

லோகநாதன் எழுந்தார். வாசல் வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அந்தத் தெருவில் யாரையும் அடையாளம் காட்ட முகம் தேவையில்லை. பார்டரைக் காட்டினால் போதும். எந்த அட்டை, எந்த முதலாளி, எந்த வீட்டுத் தறி என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். ஜெயம் மேடை ஏறினாள் என்று அந்த இரண்டு விநாடி சொல்லும். தனகோடியின் புடவையைக் கட்டிக்கொண்டு ஏறினாள் என்றும் அதே மூச்சில் சொல்லும்.

இரண்டு நாள் கழித்து ரேணுகாம்பாள் வாசலில் நின்று கூப்பிட்டாள். சிரிப்பு இல்லை.

"அண்ணா, ஊருக்கெல்லாம் மனு எழுதறியே, எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன்."

"யார் மேல?"

"தனகோடி முதலாளி மேல. ஒரு மாசமா பாவு தர மாட்டேங்கறாரு, தறி சும்மா நிக்கிது. நான் நெய்ஞ்சு குடுத்த பச்சைப் புடவைல தோள் பக்கம் ஊக்கு குத்தி இழை அறுந்துகீதாம். கட்டிகினு எங்கடி ஊர் சுத்தினன்னு நாலு பேர் எதிர்ல கேட்டுட்டாரு. அந்த ரேணுகாம்பா அம்மன் மேல சத்தியமா சொல்றேண்ணா, மேல கூட வெச்சிப் பாக்கல." மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்கும் எனக்கும் அதே அன்னம் டிசைனுதானே குடுத்தாரு. நீங்க குடுத்தது நல்லாக்கீதாம், என்னுது மட்டும் ஓட்டையாம்."

"எந்தத் தேதி ஒப்படைச்ச?" பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"அதே திங்கக்கெழமைதாண்ணா. மார்ச்சு இருபத்தஞ்சு. உங்க புடவையும் அன்னிக்கிதானே போச்சு."

லோகநாதன் தேதியைக் குறித்துக்கொண்டார். ஒரே பச்சையில் இரண்டு புடவைகள், ஒரே நாளில். தனகோடியின் ஆள் பெயர்ச் சீட்டை மாற்றிச் செருகிவிட்டிருக்கிறான். எந்தப் புடவை யாருடையது என்று நிரூபிக்க உலகத்தில் ஒருவரால்தான் முடியும். தான் நெய்யும் ஒவ்வொரு புடவையின் தொடக்க ஓரத்திலும் ஒரே ஓர் ஊதா இழையை ஓட்டுவது லோகநாதனின் முப்பது வருடப் பழக்கம். யாருக்கும் சொன்னதில்லை. என்றைக்காவது தகராறு வந்தால் ஆவணமாகும் என்று ஓட்டியது. தகராறு வந்துவிட்டது, ஆவணம் எதிர்க்கட்சிக்குச் சாதகமாக இருந்தது.

உள்ளே வந்து, பொன்னூஞ்சலுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தார். "உண்மை தங்கள் வசம் இருந்தும், ஒரு பெண்மணி ஊர் நகைப்புக்கு ஆளாவதைக் கண்டும், மௌனம் சாதிப்பது எவ்வகை நியாயம்?" என்று எழுதினார். நல்ல வாக்கியம். ஜெயத்துக்கு வாசித்துக் காட்டினார்.

ராட்டை நின்றது.

"ரேணுகா மனு இன்னாச்சு?"

"எழுதணும்."

"யார் மேல எழுதப் போறீங்க?"

லோகநாதன் பேனா மூடியைத் திருகினார்.

"டிவிகாரன் எனக்குப் பண்ணதுக்கும், நாம அவளுக்குப் பண்றதுக்கும் இன்னாங்க வித்தியாசம்? அவனாவது நன்றின்னு ஒரு லெட்டர் போட்டான்."

"தெரிஞ்சா நமக்கும் பாவு நின்னுடும், ஜெயம். அவ வேற உன்னை அவ்ளோ பேஜார் பண்ணிக்கீறா..."

"பண்ணட்டும். அதுக்கு அவளை நானே தனியா கேட்டுக்கறேன். அதுக்காக அவ தறி நிக்கக் கூடாது."

மறுநாள் காலை லோகநாதன் புதிய தாள் எடுத்தார். எதிரியின் பெயரும் முகவரியும் எழுத வேண்டிய இடத்தில் தன் பெயரையும் முகவரியையும் எழுதினார். அந்த வரி எழுதி முடிக்க அரை மணி ஆயிற்று. மீதி தானாகவே வந்தது. குற்றச்சாட்டு, தேதி, சாட்சி, இணைப்பு. கடைசியில் வழக்கம்போலக் கோரிக்கை.

தபாலில் போடவில்லை. ஆரணியில் தனகோடியின் வீட்டுக்கே கொண்டுபோனார்.

தனகோடி மூக்குக் கண்ணாடியை மாட்டி முதல் பக்கத்தைப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார்.

"யோவ், எதிர்லயே நின்னுகினு லெட்டர் குடுக்கறியே, வாய்ல சொன்னா இன்னா?"

"வாய்ல சொன்னா நகல் இருக்காதுங்க."

தனகோடி எழுந்து பீரோவைத் திறந்தார். விற்க முடியாமல் ஒதுக்கி வைத்திருந்த பச்சைப் புடவையைப் பிரித்து, ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார். ஊதா இழை இருந்தது. மற்றப் புடவை விற்றுப் போய்விட்டது. அதைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. லோகநாதன் செல்போனை நீட்டினார்.

"நிறுத்து, நிறுத்து... பின்னால போ... ஆங்." தனகோடி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். கோபத்துக்கு நடுவில் குரல் கொஞ்சம் இறங்கியது. "நம்ம அன்னம்தான்யா. லைட்டுல நல்லா எடுத்துக் குடுத்துக்கீது." உடனே சுதாரித்துக்கொண்டார். "அதுக்காக? வாங்கற பார்ட்டியோட புடவையைக் கட்டிகினு மேடை ஏறுவீங்களா? உனக்கு ரெண்டு மாசம் பாவு கிடையாது, போ! ரேணுகாவை நாளைக்கி வந்து பாவு வாங்கிக்கச் சொல்லு."

"சரிங்க." லோகநாதன் நகரவில்லை. "ரெண்டையும் எழுத்துல குடுத்துடுங்க."

"இன்னாத்த?"

"கடைசிப் பத்தியைப் படிங்க முதலாளி."

தனகோடி கண்ணாடியை மறுபடி மாட்டினார். கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

"ஆகவே, (அ) மேற்படி ஊக்குத் துளைக்குத் திருமதி ரேணுகாம்பாள் எவ்விதத்திலும் பொறுப்பல்ல என்றும், நால்வர் முன்னிலையில் அவரைக் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறுவதாகவும், (ஆ) இணைப்பு 23இல் காணும் காட்சியில், மேடையில் கேடயம் பெறும் பெண் அணிந்திருப்பது தங்களுக்குச் சொந்தமானதும் எனது தறியில் நெய்யப்பட்டதுமான பச்சைப் புடவையே என்றும், மேற்படி தேதியில் அது எனது மனைவி ஜெயம் தவிர வேறெவர் வசமும் இருந்திருக்க முடியாது என்றும், எனவே மேடை ஏறியவர் அவரே என்றும், (இ) எனக்கு விதிக்கும் தண்டனை இன்னது, இத்தனை நாள் என்றும், தாங்கள் கையொப்பமிட்டுச் சான்றளிக்க வேண்டும். (ஆ) பிரிவின் நகல் பொன்னூஞ்சல் தொலைக்காட்சிக்கும், முள்ளிப்பட்டுக் குழாயடியில் ஒட்டுவதற்கும் தேவைப்படுவதால், வாய்மொழிப் பதில் ஏற்கப்படமாட்டாது. இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்."